பவர் கொடி வைத்தும் போகாத பிழை: கீகேட்டில் மின்வழங்கலும் தரை இணைப்பும்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்திற்காக, மண்ணின் ஈரத்தை அளந்து தண்ணீர்ப் பம்பை இயக்கும் சிறிய சுற்றுப்பலகை ஒன்றை, சுற்றுப்பலகை வடிவமைப்பு மென்பொருளான கீகேட் (KiCad) 8இல் வடிவமைத்து வருகிறேன். 12 வோல்ட் அடாப்டருக்கான சாக்கெட், ஒரு ஃபியூஸ், வோல்ட்டைக் குறைத்து நிலைப்படுத்தும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 மாட்யூல் ஆகியவை அதில் உள்ளன. மின்வழங்கல் முனைக்கு மின்சாரம் தரும் முனை எதுவும் இல்லை என்று சுற்றுப்படச் சோதனையில் பிழை வருகிறது. சாக்கெட்டின் அருகிலும் 3.3 வோல்ட் கம்பியிலும் பவர் கொடியை வைத்துப் பார்த்தேன். பழைய பிழை போகவில்லை, புதிதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது. பலகையின் பின்புறம் முழுவதும் தரைக்கான (GND) செம்புப் பரப்பை வரைந்தேன். இன்னும் இணையாத முனைகளைக் காட்டும் இணைப்புக் கோடுகளில், சாக்கெட், கனெக்டர் போன்றவற்றின் கோடுகள் மறைந்தன. சிறிய பாகங்களின் கோடுகள் அப்படியே நிற்கின்றன. இவற்றைப் புறக்கணித்துவிட்டு ஆர்டர் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளில் முதலாவது, பலகை வேலை செய்வதைத் தடுக்காது. இரண்டாவதைத் திருத்தாவிட்டால் பலகை உயிர் பெறாது. ஆனால் முதலாவதைப் புறக்கணிப்புப் பட்டியலில் தள்ளிப் பழகியவர், நாளை அதே பிழை உண்மையிலேயே அறுந்த கம்பியைச் சுட்டும்போதும் கவனிக்க மாட்டார். ஆகவே இரண்டையும் அவற்றின் காரணத்தைக் கண்டே தீர்க்க வேண்டும்.

உங்கள் சுற்றுப்படத்தில் பிழை காட்டும் மின் விதிச் சோதனை வோல்ட்டையோ ஆம்பியரையோ கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு சின்னத்தின் முனைக்கும் அதை வரைந்தவர் ஒரு வகையைக் குறித்திருப்பார்: மின் உள்ளீடு, மின் வெளியீடு, செயலற்றது என்பவை அவற்றில் சில. ஒரே நெட்டில், அதாவது ஒன்றோடொன்று இணைந்த முனைகளின் தொகுதியில், சேர்ந்த முனைகளின் வகைகளை ஒப்பிடுவதே இந்தச் சோதனையின் வேலை. மின் உள்ளீட்டு முனை இருக்கும் நெட்டில் மின் வெளியீட்டு முனை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. அடாப்டர் சாக்கெட்டின் முனைகள் செயலற்ற வகையைச் சேர்ந்தவை; அதன் வழியே 12 வோல்ட் வருகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள், மென்பொருள் அறியாது. நீங்கள் வைத்திருக்கும் +12 வோல்ட் சின்னமும் நெட்டுக்குப் பெயர் சூட்டுகிறதே தவிர, மின்சாரம் தருவதாகக் கணக்கில் வராது. அந்தத் தகவலைத் தெரிவிப்பதற்கென்றே பவர் கொடி இருக்கிறது. மின் வெளியீட்டு வகையில் ஒரே ஒரு முனை கொண்ட கற்பனைச் சின்னம் அது. பலகையில் அதற்கு இடமில்லை, விலையுமில்லை.

அப்படியானால் உங்கள் கொடி ஏன் பலிக்கவில்லை? நீங்கள் அதை நட்ட இடம் சாக்கெட்டுக்கும் ஃபியூஸுக்கும் இடையில் என்பதே காரணம். ஃபியூஸின் இரு பக்கமும், மென்பொருளின் பார்வையில், இரண்டு வேறு நெட்டுகள். டையோடு, ஸ்விட்ச், சுருள் எதுவாயினும் இப்படியே. ஒரு பாகத்தின் ஊடே மின்சாரம் கடந்து செல்லும் என்று சோதனை ஊகிப்பதில்லை. ரெகுலேட்டரின் உள்ளீட்டு முனை ஃபியூஸுக்கு அப்பால் இருப்பதால், கொடியும் அங்கேதான் இருக்க வேண்டும். தரைக் கம்பியிலும் ஒரு கொடி தேவை, ஏனெனில் ரெகுலேட்டரின் தரை முனையும் மாட்யூலின் தரை முனையும் மின் உள்ளீட்டு வகையாகவே குறிக்கப்பட்டுள்ளன.

3.3 வோல்ட் கம்பியில் வைத்த கொடியை எடுத்துவிடுங்கள். ரெகுலேட்டரின் வெளியீட்டு முனை ஏற்கெனவே மின் வெளியீட்டு வகை. அதே நெட்டில் கொடியும் சேர்ந்தால், இரண்டு மின் மூலங்கள் மோதுவதாக மென்பொருள் கருதுகிறது. புதிதாக வந்த பிழை அதுதான். கொடிகளைச் சரியான இடத்திற்கு மாற்றிய பிறகும் பிழை நின்றால், கம்பி முனையைத் தொடாமல் மயிரிழையில் நிற்கிறதா என்று பாருங்கள். சுற்றுப்படத்தில் 50 மில், அதாவது 1.27 மில்லிமீட்டர் கட்டத்தை விட்டு விலகிச் சின்னங்களை வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. கம்பியின் மேல் சுட்டியை வைத்து, எண் 1க்கு இடப்பக்கம் உள்ள சாய்குறி விசையை அழுத்தினால் அந்த நெட் முழுவதும் ஒளிரும். ஒளிராத முனை இணையாத முனை.

இனி செம்புப் பரப்பு. சாக்கெட்டும் கனெக்டரும் துளை வழியே கால் நுழையும் பாகங்கள். அவற்றின் பேடுகள், அதாவது கால்களைப் பற்றவைக்கும் செம்புத் திட்டுகள், முன்புறம், பின்புறம் இரண்டிலும் உள்ளன. ஆகவே பின்புறச் செம்பு அவற்றை நேரடியாகத் தொட்டுவிட்டது. ரெகுலேட்டர், மாட்யூல், மின்தேக்கிகள் ஆகியவற்றின் பேடுகள் முன்புறத்தில் மட்டுமே இருக்கின்றன. பின்புறச் செம்பு எவ்வளவு விரிந்திருந்தாலும், நடுவில் உள்ள பலகையைத் துளைத்துச் செல்லும் வியா இல்லாமல் அவற்றை அடைய வழியில்லை. அந்தக் கோடுகளைப் புறக்கணித்து ஆர்டர் கொடுத்திருந்தால், மாட்யூலுக்குத் தரை இணைப்பே இல்லாத பலகை உங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்திருக்கும்.

பரப்பின் பண்புகளைத் திறந்து, முன்புற அடுக்கையும் சேர்த்துத் தேர்வு செய்யுங்கள். நெட்டின் பெயர் தரை என்றே இருக்கிறதா என்பதையும் அங்கேயே சரிபாருங்கள். பிறகு இரு பரப்புகளையும் தைப்பதுபோல் ஆங்காங்கே வியாக்களை இடுங்கள், குறிப்பாக மாட்யூலின் தரை பேடுகளுக்கும் மின்தேக்கிகளுக்கும் பக்கத்தில். கோடு இழுக்கும்போது வி விசையை அழுத்தினால் வியா விழும். எல்லாம் முடிந்ததும் பி (B) விசையை அழுத்திப் பரப்புகளை மீண்டும் நிரப்ப வேண்டும். தானாக நிரப்பும் விருப்பத்தை நீங்கள் தேர்ந்திருந்தால் ஒழிய, திரையில் தெரிவது பழைய நிரப்பலே.

அதற்குப் பின்னும் ஒன்றிரண்டு கோடுகள் மிஞ்சினால், பின்புறத்தில் நீளமாகச் செல்லும் ஏதோ ஒரு தடம் செம்பை இரண்டு தீவுகளாக வெட்டியிருக்கிறது என்று பொருள். தடத்தை முன்புறத்திற்கு மாற்றுவதே நல்ல தீர்வு. மாட்யூலின் ஆன்டெனாவுக்குக் கீழே மட்டும் எந்த அடுக்கிலும் செம்பு வரக்கூடாது. அங்கே செம்பைத் தடுக்கும் விதிப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையெனில் நீங்களே வரைந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதை எந்தச் சோதனையும் உங்களுக்குக் காட்டாது. 12 வோல்ட்டை ஏஎம்எஸ்1117 மூலம் 3.3 வோல்ட்டாகக் குறைக்கும்போது எஞ்சும் 8.7 வோல்ட் முழுவதும் வெப்பமாகிறது. வைஃபை வழியே தரவு அனுப்பும்போது இஎஸ்பி32 சுமார் 240 மில்லி ஆம்பியர் இழுக்கும். அந்தத் தருணங்களில் ரெகுலேட்டரில் 2 வாட்டுக்கும் மேல் சூடாகிறது. சிங்கப்பூரின் வெயிலில், மூடிய பெட்டிக்குள், அந்தச் சிறிய பாகத்திற்கு இது தாங்க முடியாத சுமை. 12 வோல்ட்டை முதலில், அதிகம் வெப்பமாக்காமல் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் ஒன்றால் 5 வோல்ட்டாக இறக்குங்கள். அப்போது ஏஎம்எஸ்1117இல் வீணாவது 0.4 வாட் அளவுக்குக் குறைந்துவிடும். பம்பு நேரடியாக 12 வோல்ட்டிலேயே ஓடலாம். இறக்கிய 5 வோல்ட் புதிய நெட் என்பதால், அந்த ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் வெளியீட்டு முனை எந்த வகையில் குறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்த பிறகே அங்கே கொடி தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

அதே பாகத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதன் அகன்ற உலோகத் தகடு தரையுடன் இணைந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது 2ஆம் எண் முனையான வெளியீட்டுடன் இணைந்தது. ஆகவே வெப்பம் பரவுவதற்காக நீங்கள் விரிக்கும் செம்பு 3.3 வோல்ட் நெட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். தகட்டின் பேடுக்கு 2 என்றே எண்ணிட்ட ஃபுட்பிரிண்ட், அதாவது பலகையில் பாகம் அமரும் பேடுகளின் வடிவம், நூலகத்தில் இருக்கிறது. பெயரின் முடிவில் டேப்பின்2 (TabPin2) என்று வரும். 4 என எண்ணிட்டதைத் தேர்ந்திருந்தால், உங்கள் சின்னத்தில் நான்காம் முனை இல்லாததால் தகடு எந்த நெட்டிலும் சேராமல் நிற்கும். ஃபுட்பிரிண்டை மாற்றிய பின் எஃப்8 விசையால் பலகையைச் சுற்றுப்படத்திலிருந்து புதுப்பிக்க மறவாதீர்கள்.

அலுவலகக் கணினியிலும் வேலை செய்வீர்களானால், இரண்டிலும் ஒரே பதிப்பை வைத்திருங்கள். பதிப்பு 7 2023ஆம் ஆண்டிலும், 8 2024இலும், 9 2025இலும், மூன்றுமே பிப்ரவரியில் வெளிவந்தன. 9இல் சேமித்த கோப்பை 8 திறக்காது. புதிய பதிப்புக்கு மாறும் முன் திட்டக் கோப்புறை முழுவதையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

பாகங்களைச் சிம் லிம் டவரில் நேரில் வாங்குவதாக இருந்தால், பலகையின் முன்புறத்தை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, வாங்கிய சாக்கெட்டையும் கனெக்டர்களையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாக்கெட்டின் கால் இடைவெளி நூலகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இறுதியாக வடிவமைப்பு விதிச் சோதனையை, பரப்புகளை மீண்டும் நிரப்பும் தேர்வும் சுற்றுப்படத்தோடு ஒப்பிடும் தேர்வும் இயங்க, ஒருமுறை நடத்துங்கள். பலகையின் அடுக்குகளைத் தயாரிப்பாளருக்குக் காட்டும் கெர்பர் கோப்புகளுக்கும் துளைக் கோப்புக்கும் ஒரே தொடக்கப்புள்ளியைத் தேர்ந்து, இரண்டையும் கீகேட்டுடன் வரும் கெர்பர் காட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து, துளைகள் பேடுகளின் நடுவில் விழுகின்றனவா என்றும், பலகையின் விளிம்புக் கோடு முழுதாக மூடியிருக்கிறதா என்றும் பார்த்த பிறகு தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள்.