எஃப்எல் ஸ்டுடியோவை வைத்துக் கொழிஞ்சாம்பாறைத் திருவிழாவில் டிஜே செய்யலாமா? ஓடவிட்டால் படபடவென்று சத்தம் வருகிறதே?

செய்யலாம், ஆனால் கொழிஞ்சாம்பாறைத் திருவிழா மேடைக்கு அதை நம்பிப் போகாதீர்கள். எஃப்எல் ஸ்டுடியோ பாட்டை உருவாக்குவதற்கான மென்பொருள். அதன் பெர்ஃபார்மன்ஸ் மோடில் (மேடையில் நேரடியாக இசைக்கும் முறையில்) முன்பே வெட்டி அடுக்கிய துண்டுகளை நன்றாக இயக்கலாம். கூட்டம் திடீரென வேறு பாட்டுக் கேட்டால், அதன் தாளத்தைப் பொருத்திச் சேர்ப்பதற்குள் ஆட்டம் நின்றுவிடும். அந்த வேலைக்கு விர்ச்சுவல் டிஜே என்ற டிஜே மென்பொருள் போதும்.

நீங்கள் சொல்லும் படபடச் சத்தம் பெரும்பாலும் பஃபர் (கணினி ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் இடம்) குறைவால் வருவது. ஒலியைத் தாமதம் குறைத்து அனுப்பும் ஏசியோ (ASIO) டிரைவரைத் தேர்ந்தெடுத்து, பஃபரை 512 சாம்பிள் வையுங்கள். சார்ஜரைச் செருகி ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

வினாடிக்கு 44,100 சாம்பிள் (44,100 ஹெர்ட்ஸ்) என்றால், 512 சாம்பிள் சுமார் 12 மில்லிவினாடித் தாமதம். பாட்டு மாற்றும்போது தெரியாது. டிரம் பேடில் விரலால் உறுமி தட்டினால் அடி பிந்துவது கைக்கே தெரியலாம்.

அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்க நான்கு வெளியீடுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியின் ஒலியை வெளியே எடுக்கும் பெட்டி) வேண்டும். அதை முதலில் வாங்குங்கள்.