அரைமண்டியும் ஒரு நினைவுதான்

வணக்கம். 12 ஆண்டுகள் பரதம் கற்றவள் நான். இப்போது 10 நிமிடத் தற்கால நடனம் ஒன்றைத் தனியாக அமைக்கிறேன். மறைந்த என் பாட்டியின் நினைவே கரு. ஆடத் தொடங்கினால் கால் தானாக, முழங்காலை வெளிப்புறம் மடித்துப் பாதி அமரும் அரைமண்டிக்குப் போகிறது, கை முத்திரை பிடிக்கிறது, முகம் சோகம் காட்டுகிறது. பழைய பயிற்சியை உடம்பிலிருந்து எப்படி நீக்குவது?
ச.

அன்புள்ள ச.,

நீக்க வேண்டாம், நீக்கவும் முடியாது. அத்தனை ஆண்டு தட்டடவு போட்ட காலுக்கு அரைமண்டியும் ஒரு நினைவுதான். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்ற நடன அமைப்பாளர் சந்திரலேகா, 1985இல் ‘அங்கிகா’ நடனத்தை அமைத்தபோது பரதத்தின் அடிப்படை அசைவான அடவைக் கைவிடவில்லை. அதன் பக்கத்தில் கேரளப் போர்க்கலையான களரியையும் யோகத்தையும் வைத்தார். 2001இல் வந்த ‘சரீரா’வில் அசைவு மிக மெதுவாகவே நகரும்.

உங்களுக்கும் வேலை வேகத்தில்தான் இருக்கிறது. நிமிர்ந்த நிலையிலிருந்து அரைமண்டிக்கு ஒரு நொடியில் இறங்கிப் பழகியிருப்பீர்கள். அதற்கு 3 நிமிடம் எடுங்கள். தாளம் வேண்டாம், கடிகாரம் போதும். பாதி வழியில் தொடை நடுங்கும், மூச்சை அடக்கத் தோன்றும். அடக்கினால் தாடை இறுகி முகம் மறுபடி சோகத்துக்குப் போய்விடும். வாயைச் சற்றுத் திறந்து மூச்சை விடுங்கள். களைப்பில் முழங்கால் உள்ளே சரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இடுப்பு திரும்பும் அளவுக்கு மேல் பாதத்தைத் திருப்பி வைப்பதே பெரும்பாலும் காரணம். முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்க வேண்டும்.

இனி பாட்டி. ‘எப்படி இருந்தார்’ என்று கேட்டால் முகம்தான் பதில் சொல்லும். கைக்குத் தெரிந்ததைக் கேளுங்கள்: முந்தானையை எந்தக் கையால் இழுத்துச் செருகுவார்? தரையிலிருந்து எழும்போது எதை ஊன்றுவார்? கிடைப்பதில் ஆறே அசைவுகளை எடுங்கள். அமெரிக்க நடன அமைப்பாளர் திரிஷா பிரவுன் 1971இல் ‘அக்யூமுலேஷன்’ ஆட்டத்தைக் கட்டைவிரல் சுழற்றலில் தொடங்கி, 1; 1, 2; 1, 2, 3 என்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து அடுக்கினார். அப்படியே அடுக்குங்கள். ஆறாவது சேரும்போது முதல் அசைவை ஆறு தடவை செய்திருப்பீர்கள். பாட்டியை நடித்துக் காட்டும் ஆசை அதற்குள் தேய்ந்து, அசைவு உங்கள் கையுடையதாகிவிடும்.

இடையில் ஒரு தொல்லை வரும். ஒவ்வொரு அசைவின் முடிவிலும் விரல் அலபத்மமாக, அதாவது மலர்ந்த தாமரை முத்திரையாக விரியும், ஏனென்றால் முடிவை அழகாக மூடச் சொல்லித்தான் அதைப் பழக்கியிருக்கிறோம். ஒத்திகையில் ஈரத்துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். விரலுக்கு எடை தாங்கும் வேலை வந்துவிடும். ஒரு வாரம் கழித்துத் துண்டை விடுங்கள். கண்ணாடியை மூடியே வையுங்கள். இசையைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். முதலிலேயே சோக வயலின் வந்துவிட்டால் உடம்பு சோம்பிவிடும்.

இறக்கத்துக்கு 3 நிமிடம், அடுக்கலுக்கு 5 போனால் மீதி இரண்டு. அதில் சும்மா நில்லுங்கள். அப்போதும் விழாமல் காக்கத் தசைகள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் அதைச் ‘சிறு நடனம்’ என்றார். முழங்காலைப் பூட்டிவிடாதீர்கள், பூட்டினால் அந்த அசைவை உணர்வது கடினமாகிவிடும்.