பித்தளை விளக்கு ஏன் கறுக்கிறது, பழப்புளி அதை எப்படிப் பளபளக்க வைக்கிறது?

ஹட்டன், நுவரெலியா பக்கம் பலரும் கேட்பது இது: போன வெள்ளிக்கிழமை தேய்த்த குத்துவிளக்கு அதற்குள் ஏன் மங்குகிறது?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டதும் அதன் மேல் மெல்லிய கறுப்புப் படலம் உருவாகிறது. தேயிலை ஃபெக்டரியில் நசுக்கிய பச்சைக் கொழுந்து காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகிறதே, அதே மாதிரிதான். நம் மலையின் பனிமூட்டமும் ஈரமும் இதை இன்னும் வேகப்படுத்தும்.

பழப்புளியின் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கிறது. கொஞ்சம் உப்பு சேர்த்தால் வேலை சுருக்காக முடியும். ஆனால் முதலில் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிசுக்கின் மேல் புளி பிடிக்காது. அப்புறம் புளியைத் தடவி, திரி வைக்கும் இடத்தைப் பாருங்கள். கறுப்பு கரைந்து கலங்கலாக வழியும், அடியில் மஞ்சள் தெரியும். கழுவியதும் உடனே துடைத்து, அடுப்புப் பக்கம் வைத்துக் காயவிடுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். ஈரம் நின்றால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

இரவு முழுக்கப் புளியில் ஊறவைத்தால் கூடுதலாகப் பளபளக்கும் என்பது தவறு. அமிலம் துத்தநாகத்தையும் அரித்து, விளக்கில் சிவந்த திட்டுகளை விட்டுவிடும்.