பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்கிறது, எங்கள் குழந்தை?

தவழ்வது, நிற்பது, நடப்பது பற்றிப் பெற்றோர் கேட்ட சில கேள்விகளும் குழந்தை மருத்துவராக என் பதில்களும்.

மகனுக்கு 16 மாதம். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், கையை விட்டால் உட்கார்ந்துவிடுகிறான். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்" என்கிறார் என் மாமியார். காத்திருக்கலாமா? (ஈரோடு)

காத்திருக்கலாம். மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எப்போது நடப்பது என்பது ஓரளவு குடும்பவாகு. இந்தியா உட்பட 5 நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகளில், தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை போகிறது. இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்து நடத்தாதீர்கள். கட்டில், சுவர் என்று அவனே பிடித்துப் போகட்டும், விழட்டும். 12 முதல் 19 மாதக் குழந்தைகளை வைத்து நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், குழந்தை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தது, 17 முறை விழுந்தது. 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் குழந்தை என்பதால், தசைநோய் இல்லை என்று உறுதிசெய்ய சி.பி.கே. ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்வார்.

தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்கிறாள். 10 மாதம். (தஞ்சாவூர்)

பரவாயில்லை. முட்டி போட்டுத் தவழாமலேயே நடந்துவிடும் குழந்தைகள் உண்டு. நகரும்போது ஒரு பக்கக் காலை மட்டும் இழுக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். இழுத்தால் காட்ட வேண்டும்.

32 வாரத்தில் பிறந்த குழந்தை. இப்போது 6 மாதம், இன்னும் குப்புற விழவில்லை. (மதுரை)

8 வாரம் முன்னதாகப் பிறந்திருக்கிறது. ஆகவே வளர்ச்சியைப் பார்க்கும்போது அதன் வயது 4 மாதம்தான். 2 வயது வரை இப்படிக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது, பிறந்த தேதிப்படியே போட வேண்டும்.

வாக்கரில் உட்கார வைத்தால் சீக்கிரம் நடப்பானா? 7 மாதம். பகலில் பெரும்பாலும் தூளியில்தான் இருக்கிறான். (சேலம்)

மாட்டான். வாக்கரில் உடம்பைத் தாங்குவது துணி இருக்கை. குழந்தை கால் விரல் நுனியால் தரையை உந்துகிறதே தவிர, சமநிலை பழகுவதில்லை. படியில் உருண்டு தலையில் அடிபட்டு வரும் குழந்தைகளைப் பார்க்கிறேன். கனடா 2004-லேயே இதற்குத் தடை விதித்துவிட்டது. மரத்தில் செய்த நடைவண்டி வேறு, குழந்தை தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு நீங்கள் பக்கத்தில் இருந்து தள்ளவிடலாம்.

தூளி தூங்க மட்டும் இருக்கட்டும். விழித்திருக்கும் நேரத்தில் தரையில் பாய் விரித்துக் குப்புறப் போடுங்கள், எட்டாத தூரத்தில் ஒரு கிலுகிலுப்பையை வையுங்கள். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் சொல்லும் செங்கீரைப் பருவம் இதுதானே: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. தூளிக்குள் அது நடக்காது.

மகளுக்கு 11 மாதம். இரண்டு மாதம் முன்பு நன்றாக உட்கார்ந்து விளையாடினாள். இப்போது சாய்ந்துவிடுகிறாள், சிரிப்பும் குறைந்துவிட்டது. தாய்ப்பால்தான் முக்கிய உணவு. நாங்கள் சுத்த சைவம். (கோவை)

அம்மா, இதைப் படித்ததும் புறப்படுங்கள். தாமதமாகக் கற்பது ஒன்று, கற்றதை இழப்பது வேறு. இழப்பது எந்த வயதிலும் ஆபத்தின் அறிகுறி.

நீங்கள் சொல்வதை வைத்து முதலில் நினைவுக்கு வருவது வைட்டமின் பி12 குறைவு. தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். விரல் முட்டிகள் கறுத்திருக்கின்றனவா, முடி செம்பட்டையாகி மெலிந்திருக்கிறதா, கை நடுங்குகிறதா என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் பி12 கொடுத்ததும் குழந்தை தெளிவடைவதை நாள்கணக்கில் பார்க்கலாம். ஆனால் தள்ளிப்போட்டால் மூளையில் பாதிப்பு தங்கிவிடும். உங்களுக்கும் பரிசோதனை வேண்டும். வேறு காரணங்களும் உண்டு என்பதால் கடையில் சிரப் வாங்கிக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

இரும்புச்சத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோகை பிடித்த குழந்தை சோர்ந்து ஒரே இடத்தில் இருக்கும், நகர்ந்து பழகாது. 6 மாதம் முடிந்தால் தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழ், குழைத்த பருப்பு, கீரை எல்லாம் வேண்டும். ரசம் சாதம் மட்டும் போதாது.

9 மாதம். எதையும் வலது கையால்தான் எடுக்கிறான். இடது கையை மூடியே வைத்திருக்கிறான். வலக்கைப் பழக்கம் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது என்று வீட்டில் சந்தோஷம். (திருநெல்வேலி)

இந்தக் கையை உடனே காட்டுங்கள். ஒரு வயதுக்குள் குழந்தை இரண்டு கையையும் ஏறக்குறைய ஒன்றுபோலப் பயன்படுத்த வேண்டும். ஒரு கையை ஒதுக்குவது, மூளையின் மறுபக்கத்தில் பாதிப்பு இருப்பதைக் காட்டலாம். மாவட்டத்தில் அரசு நடத்தும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில், டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள், மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் இலவசமாகப் பார்ப்பார்கள். பயிற்சியை இந்த வயதில் தொடங்கினால் கிடைக்கும் பலன் மூன்று வயதில் கிடைக்காது. போகும்போது அவன் பொம்மையை எடுக்கும் வீடியோ ஒன்றை போனில் எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் அழுதால் அதுவே போதும்.