ஒரே நோயாளி, நான்கு துறைகள்

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். முன்பு சிறிய மருத்துவமனை ஒன்றில் இருந்தேன். டாக்டர், நர்ஸ், நான் எல்லோரும் நோயாளியைப் பற்றி நின்ற இடத்திலேயே பேசி முடித்துவிடுவோம். இப்போது பெரிய மருத்துவமனை. ஆட்கள் நல்லவர்கள்தான். ஆனால் நான் எழுதும் குறிப்பை யாரும் படிப்பதாகவே தெரியவில்லை. குழுவாக வேலை செய்வது எப்படி என்று பயிற்சி வகுப்பு மட்டும் நடக்கிறது. குறை எங்களிடமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

குறை உங்களிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். நர்ஸ் வார்டைச் சேர்ந்தவர். டாக்டர் தன் யூனிட்டைச் சேர்ந்தவர். நீங்கள் பிசியோதெரபி துறை, மருந்தாளுநர் மருந்தகம். நால்வருக்கும் பொதுவாக இருப்பது அந்த நோயாளி மட்டும்தான். டாக்டரின் நோயாளிகள் ஐந்து வார்டுகளில் சிதறிக் கிடந்தால், ஒவ்வொரு வார்டிலும் அவர் விருந்தாளி மாதிரிதான் வந்துபோவார். அவர் ரவுண்ட்ஸ் வரும்போது நர்ஸ் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார். நீங்கள் வரும்போது இருவருமே இருக்க மாட்டார்கள். எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் எங்கே பேசுவது?

அதே கட்டடத்தில் ஐசியூவைப் பாருங்கள். டாக்டரும் நர்ஸும் நாள் முழுக்க ஒரே கூடத்தில், கூப்பிடும் தூரத்தில் இருக்கிறார்கள். பேச்சு தானாக நடக்கிறது.

சின்ன இடத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. மூத்த டாக்டர் ஒருவர் முகம் சுளித்தால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அதனால்தான் விதிகளை நான் பெரிதாக மதிக்கிறேன். சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் 1990இல் அவசர மருத்துவக் குழு ஒன்றை ஏற்படுத்தினார்கள். நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், வார்டு நர்ஸே அந்தக் குழுவை நேரடியாக அழைக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அங்கே நர்ஸின் தைரியம் கூடவில்லை, அதிகாரம் கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் இப்படித்தான்: கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்தவர், அப்புறம் ஏதாவது தப்பாகப் பட்டால் சொல்லத் தயங்குவது குறையும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பயிற்சி வகுப்புக்குப் பதிலாக, வார்டு ரவுண்ட்ஸுக்கு ஒரு நிலையான நேரத்தையும் அதில் உங்களுக்கு ஓர் இடத்தையும் கேளுங்கள். நிர்வாகம் இழுத்தடித்தால் வார்டு சிஸ்டரிடம் பேசுங்கள். டாக்டர் எப்போது வருவார் என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும்.