நில விலையை மறுத்தால் முதலில் மேல்முறையீடு

அரசு ஒரு நிலத்தை ஏன் அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது என்று தகவல் கேட்டீர்கள்; அது 'மூன்றாம் நபர் தகவல்', அதாவது வேறொருவரைப் பற்றிய தகவல், என்று மறுத்துவிட்டார்கள். அது மட்டுமே அரசு வாங்கிய நிலத்தின் விலையை உங்களுக்கு மறுக்கப் போதுமான காரணம் ஆகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 19(1) பிரிவின்படி 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

'ஏன் இவ்வளவு விலை கொடுத்தீர்கள்?' என்று நீங்கள் காரணம் கேட்டதே அவர்கள் தட்டிக்கழிக்க இடம் கொடுத்திருக்கலாம். மதிப்பீட்டு அறிக்கை, விலைப் பேச்சின் கூட்டக் குறிப்பு, ஒப்புதல் ஆணை ஆகியவற்றின் நகல்களையே கேளுங்கள்.

இதற்கிடையே சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் (அந்த நிலத்தின் மீது பதிவான பரிமாற்றங்களின் பட்டியல்) பெற்று, அரசு வாங்குவதற்குச் சற்று முன்பு அந்த நிலம் கைமாறியதா, எந்த விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

கொடுத்த விலை வழிகாட்டி மதிப்பைவிட (பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பைவிட) அதிகம் என்பதே ஊழலுக்குச் சான்றல்ல. 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி கையகப்படுத்தியிருந்தால், இழப்பீட்டுடன் 100 விழுக்காடு ஆறுதல் தொகையும் (கட்டாயமாக நிலத்தை எடுப்பதற்காகத் தரும் கூடுதல் தொகை) சேரும்.