கருத்தடை செய்த நாய்க்குட்டியை ஓட விடலாமா?

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஆறு மாதப் பெண்குட்டி, நேற்றுத்தான் கருத்தடை சத்திரசிகிச்சை, இன்றைக்கே முற்றத்தில் ஓடப் பார்க்கிறது, விடலாமா என்று.

தயவுசெய்து விடாதீர்கள். வெளியே தெரிவது சின்னத் தையல்தான். உள்ளே பெரும்பாலும் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்து, வயிற்றுத் தசையையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அது பொருந்த 10 முதல் 14 நாள் வேண்டும். குட்டி துள்ளுவதைப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நோவு மருந்து வேலை செய்கிறது, அவ்வளவுதான். சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் கட்டிக் கூட்டிப் போங்கள்.

மட்டக்களப்பு முற்றமென்றால் மணல்தானே, ஈரத்தோடு அது தையலில் ஒட்டினால் கிருமி தொற்றிவிடும். சீமெந்துத் தரையில் சுத்தமான சாக்கோ பழைய சேலையோ விரித்துப் படுக்க வையுங்கள். தையல் வெட்டும்வரை குளிப்பாட்டவே கூடாது. நக்குவதுதான் பெரிய ஆபத்து, ஒரே இரவில் தையலைப் பிரித்துவிடும். நக்காமல் தடுக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு கிடைக்காவிட்டால் சின்னப் பிள்ளையின் பெனியனைப் போட்டுவிடலாம்.

அப்புறம், இரக்கப்பட்டு பனடோல் கொடுத்துவிடாதீர்கள். மிருக வைத்தியர் தந்த மருந்து மட்டும்தான்.

காலையும் மாலையும் தையலைப் பாருங்கள். லேசான சிவப்பு, வீக்கம் சரி. சீழ், நாற்றம், நிற்காத இரத்தம், வெளிறிய முரசு (பல் ஈறு), ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமை, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.